இரண்டு துளி பனிக்கட்டி
தென்னார்க்காட்டு உலைகள் – 9

என் அக்காள் மகன் ஜப்பானில் நகோயா பக்கம் ஒரு தொழிற்கூடத்தில் வேலை பார்க்கிறான். போன மாதம் ஒரு ராத்திரி வாட்ஸ்அப்பில் ஒரே வரி அனுப்பினான்: "இந்த வாரம் முழுக்க யக்கின், மாமா. பேச முடியாது." இந்தத் தொடருக்காக ஜப்பானியரின் இரும்புக் கதையைப் படித்துக்கொண்டிருந்த நேரம் அது. யக்கின் என்றால் உலோகவியல் என்று முந்தின நாள்தான் நோட்டில் குறித்து வைத்திருந்தேன். பையன் வேலையோடு வேலையாகப் படிக்கவும் சேர்ந்துவிட்டான் என்று அக்காவுக்குப் போன் போட்டுப் பெருமையாகச் சொல்லியும் விட்டேன். மூன்று நாள் கழித்துப் பேசியவன் விழுந்து விழுந்து சிரித்தான். "நைட் ஷிப்டு மாமா. அதுக்கும் யக்கின்னுதான் பேரு."

அக்கா வீட்டில் நைட் ஷிப்டு என்றால் என்னவென்று யாரும் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. அவள் கணவர் நெய்வேலிச் சுரங்கத்தில் இருந்து ஓய்வுபெற்றவர். டவுன்ஷிப்பில் அவர்கள் இருந்த வட்டத்தில், பகலில் கதவு சாத்தியிருந்தால் உள்ளே நைட் முடித்தவர் தூங்குகிறார் என்று தெருப்பிள்ளைகளே பந்தை எடுத்துக்கொண்டு அடுத்த வீதிக்குப் போய்விடுவார்கள்.

காதால் கேட்டால்தான் இந்தக் குழப்பம். எழுத்தில் பார்த்தால் இரண்டு யக்கினும் வேறு வேறு. இரவுப் பணியைக் குறிப்பது இரவு, பணி என்ற இரண்டு சித்திர எழுத்து. உலோகவியலின் இரண்டாவது எழுத்து பொன், அதாவது உலோகம். முதல் எழுத்துதான் விஷயம். அதன் இடது ஓரத்தில் மேலும் கீழுமாக இரண்டு துளி இருக்கும். சீன எழுத்து மரபில் இரண்டு துளி என்றால் பனிக்கட்டி, மூன்று துளி என்றால் தண்ணீர். கொதிக்கிற உலைக்கு வைத்த பெயரில் பனிக்கட்டி எப்படி வந்தது? கி.பி. 100ஐ ஒட்டி ஷு ஷென் தொகுத்த சீன எழுத்தகராதி இதற்குத் தரும் பொருள் 'உருகுதல்'. பனிக்கட்டி இளகி நீராவது போலக் கல்லுக்குள் இருக்கும் உலோகம் இளகி ஓடுகிறது. நெருப்பைப் பார்க்காமல் அது செய்கிற காரியத்தைப் பார்த்துப் பெயர் வைத்திருக்கிறார்கள்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. அந்த இரண்டு துளியோடு இன்னொரு துளியைச் சேர்த்துவிட்டால் எழுத்து மாறி, 'ஆளுதல், நோய் தீர்த்தல்' என்று பொருளாகிவிடும். அரசியல் என்ற ஜப்பானியச் சொல்லில் இருப்பது அந்த எழுத்து. அங்கே மாணவர்களும் அச்சுக்கோப்பவர்களும் காலங்காலமாகத் தடுக்கி விழுகிற இடம் இதுதான். ஒரு சொட்டு கூடினால் உலோகவியல் போய் ஆட்சியியல் வந்துவிடும்.

பனிக்கட்டித் துளியைப் பற்றிப் படித்ததும் எனக்கு நம் வீட்டு அடுப்படிதான் நினைவுக்கு வந்தது. வெண்ணெயை உருக்குகிறோம். கதை கேட்டால் மனசு உருகுகிறது. அதே 'உருக்கு' பெயர்ச்சொல்லாக நின்றால் எஃகு. உருக்கி எடுத்ததால் உருக்கு. கன்னடத்தில் அது உக்கு. ஐரோப்பியர் அதைக் காதில் வாங்கி 'வூட்ஸ்' ஆக்கினார்கள் என்பதே பெரும்பாலோர் ஏற்கும் விளக்கம். பம்பாயிலிருந்து ஹெலனஸ் ஸ்காட் என்ற மருத்துவர் அனுப்பிய கட்டிகளை ஆராய்ந்து, 1795இல் லண்டன் ராயல் சொசைட்டியில் ஜார்ஜ் பியர்சன் படித்த கட்டுரைக்குப் பிறகு அந்த 'வூட்ஸ்' அறிவியல் உலகத்துச் சொல்லானது. கால் நூற்றாண்டு கழித்து மைக்கேல் ஃபாரடே அதன் ரகசியத்தைப் பிடிக்கப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நிறப் பெயர்களுக்கு வருகிறேன், இதில்தான் நம்மவர்களுக்குக் கை பரபரக்கும். பழந்தமிழில் பொன் என்றால் தங்கம் மட்டும் இல்லை, உலோகம் எதுவும் பொன். கரும்பொன் இரும்பு. வெண்பொன் வெள்ளி. ஐந்து உலோகம் கலந்தால் ஐம்பொன். ஜப்பானியத்தில் 'கனே' என்பதும் உலோகத்துக்குப் பொதுப்பெயர்தான். குரோ என்றால் கறுப்பு, எனவே இரும்பு 'குரோகனே'. ஷிரோ வெள்ளை, வெள்ளிக்கு 'ஷிரோகனே'. அகா சிவப்பு, செம்புக்கு 'அகாகனே'. செம்பு என்ற நம் சொல்லிலேயே செம்மை இருப்பதை எடுத்துக் காட்ட வேண்டியதில்லை.

கரும்பொன்னும் குரோகனேயும் இப்படி அச்சில் வார்த்தது போலப் பொருந்தினால், இரண்டு மொழியும் அக்காள் தங்கை என்று சொல்லத் தோன்றும்தானே? சொன்னவர் ஒருவர் உண்டு, சாதாரணமானவர் அல்ல. தோக்கியோவின் ககுஷுயின் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஓனோ சுசுமு, ஜப்பானிய அகராதியியலில் பெரிய பெயர். 1980 வாக்கில் தொடங்கி 2008இல் இறக்கும்வரை தமிழுக்கும் ஜப்பானியத்துக்கும் உறவு உண்டு என்று வாதாடினார். நெல் விவசாயமும் உலோகமும் நெசவும் தெற்கிலிருந்து சொற்களோடு சேர்ந்தே கப்பலேறின என்பது அவர் கட்சி. தமிழகத்தில் பொற்கோவும் யாழ்ப்பாணத்தில் சண்முகதாஸ் – மனோன்மணி தம்பதியும் அவரோடு சேர்ந்து உழைத்தார்கள். ஜப்பானிய மொழியியலாளர் பலர் ஏற்கவில்லை.

எனக்கும் உலோகப் பெயர் அளவில் அதில் நம்பிக்கை இல்லை. காரணம் அதே ஷு ஷென். உலோகம் என்ற எழுத்துக்கு அவர் எழுதிய விளக்கத்திலேயே ஐந்து நிறத்துப் பொன் வருகிறது. மஞ்சள் தங்கம், வெள்ளை வெள்ளி, சிவப்புச் செம்பு, பச்சை ஈயம், கறுப்பு இரும்பு. சீனர்களிடமே ஐம்பொன் இருந்தால், பக்கத்து வீட்டை விட்டுவிட்டுக் கடல் தாண்டிக் காவிரிக்கரைக்கா ஜப்பானியர் வந்து கடன் வாங்கியிருப்பார்கள்? நிறம் கண்ணுக்கு முதலில் தெரிவது. உலை பக்கம் நின்ற எவனும் நிறத்தைச் சொல்லித்தான் பேர் வைப்பான்.

எங்கள் மேல்பட்டாம்பாக்கத்தில் இருந்து பண்ருட்டி போகும் சாலையோரம் ஒரு கொல்லுப்பட்டறை. கரும்பு வெட்டும் பருவம் வந்தால் நெல்லிக்குப்பம் ஆலைக்கு வண்டி போகத் தொடங்கும், பட்டறையில் கத்தி குவியும். லாரிக்கு அடியில் இருந்து கழற்றிய பழைய வில்பட்டைதான் கத்திக்கு இரும்பு. போன வாரம் ஒரு மணி நேரம் அங்கே உட்கார்ந்திருந்தேன். துருத்திக்குப் பதில் இப்போது மின்சார ஊதி. கத்தி செவந்து வந்ததும் கொல்லர் வாய்ப்பக்கத்தை மட்டும் தொட்டித் தண்ணீரில் வைத்து எடுத்தார். சுர்ரென்ற சத்தம் அடங்குவதற்குள் கல்லில் இரண்டு இழுப்பு இழுத்து வாயைப் பளிச்சென்று ஆக்கிக்கொண்டு, கண் கொட்டாமல் அதையே பார்த்தார். முதுகில் மிச்சமிருந்த சூடு வாய்க்கு இறங்கிவரும்போது அந்தப் பளிச்சில் ஒரு நிறம் ஊர்ந்து வந்தது, காய்ந்த வைக்கோல் மாதிரி. "நீலம் ஏறுச்சுன்னா மொக்கை ஆயிடும் சார்" என்றவர் சட்டென்று முழுக்கத்தியையும் தண்ணீரில் அமுக்கினார். இதற்குப் பேர் தோய்ச்சல். பட்டறைப் பேச்சில் துவச்சல். என்னிடமிருந்த ஆறு பக்கப் பாடப்புத்தகக் குறிப்பில் இருந்ததெல்லாம் அந்த அரை நிமிஷத்துக்குள் முடிந்துவிட்டது.

ஜப்பானியக் கொல்லன் 'கஜி'. கனேயும் 'உச்சி'யும் (அடித்தல்) சேர்ந்து, கனுச்சி ஆகித் தேய்ந்து கஜி ஆனது. இதை எழுதும்போது இரண்டாவது எழுத்தாக வருவதும் நம் பனிக்கட்டித் துளி எழுத்துதான். நம் ஊர்களில் கம்மாளர் தெரு இருப்பது போல் அங்கே பழைய கோட்டை நகரங்களில் கஜிமாச்சி உண்டு. தோக்கியோவின் நடுவிலேயே ஒன்று இருக்கிறது. குயவனையும் உலையையும் சேர்த்து எழுதினால் 'தோயா' என்று ஒரு சொல், பொருள் குணத்தைப் பண்படுத்துதல். 1918இல் வந்த ஜப்பானியப் பல்கலைக்கழகச் சட்டத்தின் முதல் பிரிவிலேயே இந்தச் சொல் உட்கார்ந்திருக்கிறது. நாம் புடம் போட்ட தங்கம் என்று ஆளைச் சொல்வதில்லையா, அதுதான்.

இனி யக்கின் பள்ளிக்கூடம் ஏறிய கதை.

பழைய சீனச் சொல்லாக ஏட்டில் கிடந்ததை, மேற்கத்தியப் படிப்புக்குப் பெயர் வேண்டியிருந்த மெய்ஜி காலத்தில் தூசு தட்டி எடுத்தார்கள். தோக்கியோ பல்கலைக்கழகத்தில் 1877 முதல் 1885 வரை சுரங்கமும் உலோகமும் கற்பித்தவர் குர்ட் நெட்டோ என்ற ஜெர்மானியர். அவர் பாடங்கள் ஜப்பானியத்தில் நூலானபோது தலைப்பே 'நெட்டோவின் யக்கின் நூல்' என்ற பொருளில் அமைந்தது. ஆனால் உலை நெட்டோவுக்காகக் காத்திருக்கவில்லை. அதற்கு இருபது வருஷம் முன்பே வடகிழக்குக் கரையில் காமாயிஷி மலைப்பக்கம் ஓஷிமா தகாதோ என்பவர் மேற்கத்திய முறையில் ஊதுலை கட்டி இரும்பு வடித்துவிட்டார். ஐரோப்பிய ஊதுலையை நேரில் பார்க்காமல், பீரங்கி வார்ப்பதைப் பற்றி ஹ்யூகெனின் என்ற டச்சுப் படை அதிகாரி எழுதிய புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டே கட்டினார். முதல் வார்ப்பு வந்தது 1857 டிசம்பர் 1. அந்தத் தேதியை ஜப்பானியர் இன்றும் இரும்பு நாளாக நினைவுகூர்கிறார்கள்.

1857. இந்தத் தொடரை விடாமல் படிப்பவர்களுக்கு உடனே ஒரு கணக்கு ஓடும். வெள்ளாறு கடலில் சேரும் பரங்கிப்பேட்டையில் ஜோசியா மார்ஷல் ஹீத் என்ற ஆங்கிலேயர் 1830களிலேயே ஊதுலையில் இரும்பு வடித்துக்கொண்டிருந்தார். காமாயிஷிக்கு இருபது வருஷத்துக்கு மேல் மூத்தது நம் கடலூர் மாவட்டத்து உலை. மேல்பட்டாம்பாக்கம் ஸ்டேஷனில் ரயில் ஏறினால் ஒரு பொழுதுக்குள் போய் இறங்கிவிடலாம். மூத்தது நிலைக்கவில்லை, இளையது நிலைத்தது. ஏன் என்று கேட்டால் இரண்டுக்கும் வந்தது ஒரே நோய்தான், கரித் தட்டுப்பாடு.

ஹீத்துக்குத் தாது சேலத்திலிருந்து, ஏறக்குறைய 200 கிலோமீட்டர் தள்ளி வரவேண்டும். மரக்கரிக்குக் காடு வேண்டும். உலையருகே இருந்த காடு கரைந்ததும் கரி தூரத்திலிருந்து வந்தது, தூரம் கூடக்கூட விலை கூடியது. கிழக்கிந்தியக் கம்பெனியிடம் வாங்கிய முன்பணம் கழுத்தில் ஏறியது. 1860களில் பரங்கிப்பேட்டையில் உலை மூச்சு நின்றது. ஹீத் அதற்கு முன்பே போய்விட்டார். எஃகில் மாங்கனீசு சேர்க்கும் முறைக்கு அவர் 1839இல் வாங்கிய காப்புரிமை ஷெஃபீல்டு எஃகின் விலையையே இறக்கியது. அதில் பணம் பண்ணியவர்கள் பிறர். வழக்கு பிரபுக்கள் சபைவரை ஏறி இறங்கித் தீர்ப்பு வரும்போது அவர் உயிரோடு இல்லை.

காமாயிஷியிலும் அதே கதை தொடங்கியது. 1880இல் ஜப்பானிய அரசு இங்கிலாந்துக் கருவிகளோடு பெரிய ஆலை வைத்தது, கரி போதாமல் இரண்டொரு வருஷத்தில் இழுத்து மூடியது. மூடிய இடத்தை வாங்கி மறுபடி முயன்றவர் தனகா சோபெய் என்ற வணிகர். நாற்பத்தெட்டு தடவை தோற்று, நாற்பத்தொன்பதாவது தடவை, 1886 அக்டோபர் 16 அன்று இரும்பு ஓடியது. அந்த நாற்பத்தெட்டு தோல்வியின்போதும் உலையோரம் நின்ற கூலிக்காரர்கள் என்ன பேசிக்கொண்டிருப்பார்கள் என்று நினைத்துப் பார்ப்பேன். பிறகு, 1894இல், நோரோ ககேயோஷி என்ற உலோகவியல் பேராசிரியரின் வழிகாட்டலில் மரக்கரியை விட்டு நிலக்கரிக் கோக்குக்கு மாறினார்கள். யக்கின் வகுப்பில் இருந்து உலைக்கு இறங்கிவந்த நாள் என்று அதைச் சொல்லலாம். ஹீத்துக்குப் பக்கத்தில் அப்படி ஒரு வகுப்பறை கிடையாது.

அதைவிட எரிச்சலூட்டுவது, பரங்கிப்பேட்டையில் இருந்து கூப்பிடு தூரம் இல்லாவிட்டாலும் மாட்டுவண்டி தூரத்தில், நெய்வேலி மண்ணுக்கடியில் கோடிக்கணக்கான டன் பழுப்பு நிலக்கரி படுத்திருந்தது. ஜம்புலிங்க முதலியார் நிலத்தில் 1930களில் கிணறு வெட்டும்போது கறுப்பாக வந்த பிறகல்லவா ஊருக்கே தெரிந்தது. சுரங்கத் தொடக்க விழா 1957 மே 20, நேரு வந்திருந்தார். ஹீத்துக்குத் தெரிந்திருந்தாலும் பெரிதாக உதவியிருக்காது என்பதையும் சொல்லிவிட வேண்டும். பழுப்பு நிலக்கரி அப்படியே கோக் ஆகாது, உலையில் தாதின் எடையைத் தாங்காமல் நொறுங்கிவிடும், ஈரமும் அதிகம். அதை அழுத்திக் கட்டியாக்கிச் சுட்டு, 'லெக்கோ' என்ற பெயரில் நெய்வேலியிலேயே செய்தார்கள். வீட்டு அடுப்பிலும் தொழிற்கூடங்களிலும் எரிந்த லெக்கோவை என் தலைமுறை மறந்திருக்காது. சேலத்துத் தாதையும் நெய்வேலிக் கரியையும் சேர்த்து இரும்பு வடிக்கலாம் என்ற பேச்சு 1950, 60களில் சூடாக இருந்தது. ஹீத்தின் பழைய வழித்தடத்தையே புதுக் கரியோடு திறக்கும் யோசனை. அது நடக்கவில்லை.

நடந்தது சேலம் உருக்காலை. 1970இல் இந்திரா காந்தி அடிக்கல் நாட்டினார், 1980களின் தொடக்கத்தில் உற்பத்தி தொடங்கியது. பெயர்ப்பலகையில் உருக்காலை. சேலத்து ஜனங்கள் வாயில் இரும்பாலை. தொடக்கத்தில் அங்கே தாதும் உருகவில்லை, எஃகும் உருகவில்லை. வெளியிலிருந்து வந்த துருப்பிடிக்காத எஃகைத் தகடாக உருட்டியெடுத்தார்கள். உருக்காத உருக்காலை, இரும்பு எடுக்காத இரும்பாலை. கஞ்சமலைத் தாது பக்கத்திலேயே பார்த்துக்கொண்டிருந்தது.

யக்கினுக்கும் ஜப்பானில் இறங்குமுகம் வந்தது. 1946இல் அன்றாடப் புழக்கத்துக்கான எழுத்துப் பட்டியலை அரசு சுருக்கியபோது பனிக்கட்டித் துளி எழுத்துக்கு அதில் இடமில்லை. 2010இல்தான் பட்டியலில் சேர்த்தார்கள். இதற்கிடையில் பொருளும் குறுகிவிட்டது. தாதிலிருந்து உலோகத்தைப் பிரிப்பது மட்டும் யக்கின், உலோகத்தின் உள்ளமைப்பை ஆராய்வதற்கெல்லாம் 'உலோகப் பொறியியல்' என்ற வேறு பெயர் வந்தது. பல பல்கலைக்கழகங்களில் அந்தத் துறைகளே 'பொருள்' என்ற பரந்த பெயருக்குள் கரைந்துபோயின. நம் சென்னை ஐஐடியிலும் மெட்டலர்ஜிக்குப் பக்கத்தில் மெட்டீரியல்ஸ் வந்து ஒட்டிக்கொண்டதைக் காணலாம்.

ஆனால் ஜப்பானில் பட்டறைச் சொல் படிப்புச் சொல்லில் ஏறி உட்கார்ந்திருந்தது, கொல்லன் எழுத்தும் பேராசிரியர் எழுத்தும் ஒன்றாகவே இருந்தது. துருப்பிடிக்காத எஃகு செய்கிற பழைய நிறுவனம் ஒன்று இன்றும் தன் பெயரில் யக்கினை வைத்திருக்கிறது. நாம் படிப்புக்குப் பெயர் தேடியபோது லோஹம் என்ற வடசொல்லை எடுத்து இயலை ஒட்டினோம். தனித்தமிழ் அன்பர்கள் மாழை என்ற பழஞ்சொல்லை முன்வைக்கிறார்கள், அழகான சொல்தான், ஆனால் எந்தப் பட்டறையிலும் நான் கேட்டதில்லை. மூசை, துருத்தி, கிட்டம், தோய்ச்சல் எதுவும் வகுப்பறைப் படி ஏறவில்லை. உலோகவியல் மாணவன் ஒருவனிடம் மூசை என்றால் என்ன என்று கேட்டேன். "குரூசிபிளா சார்?" என்று திருப்பிக் கேட்டான். பாதி சந்தோஷம்.

மூசை என்றதும் பழைய தென்னார்க்காட்டுக்காரனுக்கு மேல்சிறுவலூர் நினைவுக்கு வரவேண்டும். அங்கே மண்ணில் கிடந்த உடைந்த மூசைத் துண்டுகளை ஷாரதா சீனிவாசன் 1990களில் ஆராய்ந்து, உள்ளே ஒட்டியிருந்த உலோகத் துணுக்கை நுண்ணோக்கியில் பார்த்து, கரிமம் மிகுந்த உருக்கு வடித்த இடம் என்று காட்டினார். பியர்சன் மேசைக்குப் போன கட்டிகள் இங்கிருந்து போனவை என்று சொல்ல ஆதாரம் கிடையாது. அதே வகைச் சரக்கு நம் வாசலிலும் வெந்தது என்று மட்டும் சொல்லலாம். உலை அவிந்தபின் மிஞ்சும் கிட்டத்துக்கு நம் சித்த வைத்தியர்களிடம் இன்னும் மதிப்பு உண்டு. வருஷக்கணக்காக மண்ணில் கிடந்த இரும்புக் கிட்டத்தை மண்டூரம் என்பார்கள். சுத்தி செய்து புடமிட்டுச் செந்தூரமாக்கி ரத்தசோகைக்குக் கொடுப்பார்கள்.

பையன் வேலை செய்வது எந்த மாதிரி இடம் என்று கடைசியில்தான் கேட்டேன். காருக்கான சின்னச்சின்னப் பல்சக்கரங்களாம். இரும்பை உருக்கி வார்ப்பதில்லை. இரும்புத் தூளை அச்சில் போட்டு அழுத்தி, உருகும் சூட்டுக்குக் கீழேயே அடுப்பில் வைத்து, துகளோடு துகள் ஒட்டவைத்து எடுக்கிறார்கள். உருகாமலே உருவாகிறது. இந்தத் தொழிலுக்கு ஜப்பானியத்தில் 'ஃபுன்மட்சு யக்கின்', தூள் உலோகவியல்.

"அப்ப நீ நைட்டுல யக்கின் பாக்குற" என்றேன்.

"யக்கின்ல யக்கின், மாமா" என்றான். பின்னால் சங்கு ஊதியது. போனை வைத்துவிட்டான்.

(தொடரும். அடுத்த பகுதி: கஞ்சமலை)